சலவை அறைச் சாவி

வின்டர்தூரில் எங்கள் கட்டடத்தில்
பதினொரு குடும்பங்களுக்கு ஒரு சலவை இயந்திரம்.
எனக்கு இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன்.
அந்த வியாழனும்
மூன்றாம் மாடி ஹெகெட்ஷ்வைலர் அம்மாவின்
கண்காணிப்பில்தான்.

வடிகட்டியில் பஞ்சு இருந்தது என்பார்.
தரை ஈரம் என்பார்.
ஒருமுறை என் நனைந்த துணிகளை அள்ளிக் கூடையில் போட்டு
மேலே ஒரு கடிதமும் வைத்திருந்தார்.
கையெழுத்து அவ்வளவு அழகு.

ஆனால் படியில் எதிர்ப்பட்டால்
முகம் திருப்பாமல், உதடு பிரியாமல்
'க்ரூயட்ஸி' என்பார்.
ஒருநாளும் தவறியதில்லை.
நானும் 'க்ரூயட்ஸி' என்பேன்,
கடன்காரனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல.

இந்த வருடம் மருந்துக்கடையில்
ஒரு நாட்காட்டி சும்மா தந்தார்கள்.
நாளுக்கொரு தாள், தாளின் பின்னால் ஒரு சொல்லின் பிறப்பு.
ஜனவரி ஒன்பது: க்ரூயட்ஸி.
'கடவுள் உமக்கு முகமன் சொல்லட்டும்'
என்பது தேய்ந்து தேய்ந்து வந்ததாம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
எட்டு வருடம்!
எட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒருவர்மேல் ஒருவர்
கடவுளை ஏவிவிட்டிருக்கிறோம்.

மார்ச்சில் 'ச்சாவ்' வந்தது.
வெனிஸ்காரர் சொன்னது: நான் உம் அடிமை.
கையில் தாளோடு நிற்கிறேன்,
என் மகன் ஆருத்ரன் காதில் பாட்டோடு
வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு
'ச்சாவ்' என்று என்னிடம் எறிந்துவிட்டு ஓடுகிறான்.
பேருந்து ஓட்டுநருக்கு ஒரு ச்சாவ்,
பந்தடிக்கும் பெடியன்களுக்கு ஒன்று.
அடியேன், அடியேன், அடியேன்.

பழைய டயர்க் கிடங்கில் குடியிருக்கும் எங்கள் அம்மன்முன்
வருடத்தில் ஒருநாள்
தொண்டை அடைத்து நான் சொல்லும் சொல்.
எந்த அடியாரும் இவ்வளவு அலட்சியமாகச்
சரணடைந்ததில்லை.

தெரியாமல் தொட்டாலும் நெருப்புச் சுடும்.
தெரியாமல் சொன்னால்
சொல் மட்டும் சும்மா இருக்குமா?
இதை யாரிடம் கேட்பது?
ஐயருக்கு ஜெர்மன் வராது,
பாதிரியாருக்கு என் தமிழ் வராது.

நவம்பரில் ஒரு வியாழன்.
கூடையோடு கீழே இறங்கினேன்.
உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது.
அதன் முன்னே தரையில்
ஹெகெட்ஷ்வைலர் அம்மா உட்கார்ந்திருந்தார்,
ஒரு கையில் என் மகனின் ஒற்றைக் காலுறை,
மறுகை நெஞ்சில்.

நூற்று நாற்பத்து நான்கை அழைத்தேன்.
கட்டடத்தின் எண்ணே மறந்துபோனது.
அவர்தான் சொன்னார், பதினேழு என்று,
மூச்சு வாங்கும்போதும் என் பிழையைத் திருத்தி.

தூக்குபடுக்கை கதவைத் தாண்டியபோது
என் மணிக்கட்டை விட்டு
'அடே' என்றார்.
நாங்கள் அதட்டும் அடே அல்ல,
இந்த ஊரார் விடைபெறும் அடே.
பெப்ரவரித் தாள். எனக்குத் தெரியும்.
கடவுளிடம்.

எனக்கு ஜெர்மன் வரவில்லை.
வாயைத் திறந்தேன், 'வாறன்' என்று வந்தது.

எங்களில் எவரும் போறன் என்று சொல்லிப் போவதில்லை.
ஷெல் விழுந்த இரவில்
பூட்டிய வீட்டைப் பார்த்து அம்மாகூட
வாறம் என்றுதான் சொன்னா.
வீடு அதை நம்பிற்று என்று நினைக்கிறேன்.
போகிறவர் சொல்லவேண்டிய சொல்லை
அன்று நான் நின்றபடியே சொன்னேன்,
அவருக்கும் சேர்த்து.

இன்று செவ்வாய்.
பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது,
மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.
என் முறையும் இல்லை.
என்றாலும் இறங்கி வந்து
வடிகட்டியில் விரலால் பஞ்சை வழிக்கிறேன்.
சாம்பல் நிறம். சுடுகிற மென்மை.
பழக்கத்தில் கை நெற்றிவரை போய்
அங்கேயே நிற்கிறது.

படியில் யாரோ இறங்கும் சத்தம்.
யாராக இருந்தாலும்
முதலில் நான்தான் சொல்லப்போகிறேன்.